ஒரு சாண் காற்று

காட்டுப்பாக்கத்தில் சித்தாள் வேலை பார்த்த பெண்களில் கெங்கம்மாளுக்கு மட்டும் ஒரு தனி வேலை உண்டு. மட்டம் பார்க்கும்போது டியூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. பார்க்கப்போனால் அது ஒரு வேலையே இல்லை. ஐம்பதடி நீளமுள்ள கண்ணாடி நிற பிளாஸ்டிக் டியூப், அதற்குள் தண்ணீர். ஒரு முனையை உயரம் தெரிந்த ஒரு குறியோடு ஒட்டிப் பிடித்தால், மறுமுனை எவ்வளவு தள்ளி இருந்தாலும் தண்ணீர் அங்கேயும் அதே உயரத்தில் வந்து நிற்கும். இந்தப் பக்கம் தண்ணீர் குறியைத் தொட்டதும் "நின்னுச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அய்யாசாமி மேஸ்திரி பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு ஆடாத கை வேண்டும். கெங்கம்மாளின் கை ஆடாது. தலையில் பாண்டு நிறையக் கலவையோடு சாரத்தில் ஏறி இறங்கியே முப்பத்தைந்து வயதைக் கடந்தவள் அவள். உயரங்கள் அவளுக்கு எண்ணிக்கையாக நினைவில் இருப்பதில்லை, உடம்பாக இருக்கும். இன்ன வீட்டுப் படி முழங்காலுக்கு நாலு விரல் கீழே, இன்ன வீட்டு ஜன்னல் இடுப்புக்குச் சரியாக. மேஸ்திரி டேப்பை மறந்துவிட்டு வந்த நாட்களில் அவளை நிற்கவைத்து அளந்ததும் உண்டு.

சித்தேரிக்குக் கீழே இருந்த நஞ்சை நிலங்களை மனைகளாகப் பிரித்தது எண்பத்து மூன்றில். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஊர் குடத்தோடு அலைந்த வருடம் அது. வெடித்துக் கிடந்த அந்த மண்ணைப் பார்த்த யாருக்கும் அங்கே ஒரு நாள் தண்ணீர் நிற்கும் என்று தோன்றியிருக்காது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் வேலை செய்தவர்கள் வந்து வந்து மனை வாங்கினார்கள். இரண்டே வருடம். எண்பத்தைந்து நவம்பரில் ஏரி நிறைந்து, உபரி நீர் வழியும் கலங்கல் வழியாக இறங்கிய தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. அதற்குள் கட்டி முடிந்திருந்த நாலு வீடுகளும் ஐந்து நாள் தண்ணீரில் நின்றன. அதில் ஒன்று அய்யாசாமி கட்டியது. அந்த வீட்டில் இழுப்பு நோய்க்காரர் ஒருவர் ஈரத்திலேயே கிடந்து, தண்ணீர் வடிந்த அன்று செத்துப்போனார்.

அய்யாசாமி பெரிய மனிதரெல்லாம் இல்லை. வாய் துடுக்கு. சித்தாள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். தப்பு தன்னுடையது என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அந்தச் சாவுக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாள் கெங்கம்மாளை அழைத்துக்கொண்டு அரிசி மில்லுக்குப் போனார். மில் சுவரில் வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு ஈரமாக இருந்தது. அதன்மேல் உளியால் கொத்தி, பள்ளத்தில் நீலத்தைக் குழைத்துத் தடவினார்.

"ந்தா, பாத்துக்கோ. இதுக்கு மேல ஒரு சாண். அதான் இனிமே நம்ம தரை. ரோட்டப் பாத்து மட்டம் வைக்கச் சொல்றவனுக்கு வேற மேஸ்திரி கீறான்."

அன்றிலிருந்து அந்த மனைகளில் அவர் கட்டிய எந்த வீட்டுக்கும் மட்டம் அந்த நீலக்கோட்டில்தான் தொடங்கியது. கோட்டில் ஒரு முனையைக் கெங்கம்மாள் பிடிப்பாள். அங்கிருந்து கரண்டுக் கம்பம், கம்பத்திலிருந்து வேப்பமரம், மரத்திலிருந்து மனை என்று கோடு தாவித் தாவிப் போகும். சர்க்கார் எந்தக் காகிதத்திலும் எழுதிவைக்காத உயரம் அது. ஒரு மேஸ்திரியும் ஒரு சித்தாளும் ஒரு டியூபும் சேர்ந்து அதைச் சுமந்தார்கள். வீட்டுக்காரர்கள் முனகினார்கள். இவ்வளவு மண் ஏன் கொட்ட வேண்டும், வாசலில் ஏணியா போட்டு ஏறுவது என்றார்கள். பதினேழு வீடுகள் அப்படி எழும்பின.

பதினெட்டாவது வீடு லோகநாதனுடையது.

எண்பத்தேழு மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மறுபடியும் வறட்சி. பேஸ்மட்டத்துக்கு மண் நிரப்பி முடிக்கும் முன்னாலேயே வாசக்கால் வைக்க நல்ல நாள் வந்துவிட்டது. வாசக்காலின் அடிக்கட்டை எந்த உயரத்தில் உட்காருகிறதோ அதுதான் வீட்டின் தரை. அதனால் மட்டத்தை அன்று காலையிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். லோகநாதனின் மனைவி சொர்ணம் நவதானிய முடிச்சும் மஞ்சளும் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். மாவிலைத் தோரணம் வெயிலில் சுருண்டுகொண்டிருந்தது. டியூபை நிரப்பத் தண்ணீர் கிடைக்காமல், எங்கோ போய் அரைக் குடம் கலங்கிய தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

கடைசித் தாவல், வேப்பமரத்திலிருந்து வாசலுக்கு. மரத்தில் இருந்த குறியோடு டியூபைச் சேர்த்துப் பிடித்தாள் கெங்கம்மாள். தண்ணீர் ஏறி, தயங்கி, குறியைத் தொட்டது. அப்போதுதான் பார்த்தாள். அவள் விரல்களுக்குக் கீழே, நிமிர்ந்து நின்ற டியூபுக்குள், வெள்ளை வெள்ளையாகக் காற்று நின்றது. துண்டு துண்டாக, எல்லாம் சேர்த்தால் ஒரு சாண்.

"நின்னுச்சா?" என்று அந்தப் பக்கமிருந்து மேஸ்திரி கத்தினார்.

டியூபில் காற்று இருந்தால் கீழே ஊற்றிவிட்டு மறுபடியும் நிரப்ப வேண்டும். அதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். தண்ணீரும் இல்லை.

"மேஸ்திரி, மணி பத்து இருவதாவுது!" என்றது சொர்ணத்தின் குரல்.

"இன்னாடி, மரத்தோட மரமா பூட்டியா? நின்னுச்சா, இல்லியா?"

"நின்னுச்சு" என்றாள் கெங்கம்மாள்.

சங்கு ஊதினார்கள். தேங்காய் உடைத்தார்கள். வாசக்கால் நின்றது. அவள் பக்கத்துத் தண்ணீரைக் காற்று ஒரு சாண் தூக்கிக் காட்டியது. அப்படியானால் மேஸ்திரி அந்தப் பக்கம் போட்டது ஒரு சாண் தாழ்ந்த கோடு. வெள்ளத்துக்கு மேலே வைத்த அந்த ஒரு சாண் இந்த வீட்டுக்கு இல்லை. நீலக்கோடு எந்த உயரமோ அதேதான் லோகநாதன் வீட்டின் தரை.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் மேஸ்திரி நல்ல மனநிலையில் இல்லை. மறுநாள் சொல்லலாம் என்று வந்தாள். சொல்லலாம் என்று வந்த ஒவ்வொரு நாளும் சுவர் இரண்டு வரிசை ஏறியிருந்தது. ஒரு தடவை நிறுத்திய வாசக்காலை அசைக்கக்கூடாது. அசைத்தால் அந்த வீட்டுக்காரனுக்கு ஆகாது. இதை அவளும் நம்பினாள். புதுமனைப் புகுவிழா அன்று லோகநாதன் அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தான். அதை அவள் ஒருநாளும் உடுத்தவில்லை.

பயம் உடனே வரவில்லை. முதல் மழைக்காலத்தில்தான் வந்தது. கெங்கம்மாளின் குடிசை ஏரிக்கரையின் மேல் இருந்தது. மனை வாங்க வழியில்லாதவர்கள் கரைமேல் இருந்தார்கள், வாங்கியவர்கள் கீழே பள்ளத்தில் இருந்தார்கள். மழை பெய்தால் அவள் இறங்கி மில் சுவருக்குப் போவாள். நீலக்கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் எத்தனை விரல் என்று பார்ப்பாள். மற்றவர்கள் ஏரி நிறையுமா என்று பார்த்தார்கள். அவள் அந்த இடைவெளியைப் பார்த்தாள். ஒரு வருடம் இரண்டு முழம். ஒரு வருடம் ஒரு முழம். மழையே இல்லாத வருடங்களில் ஊரே வானத்தைத் திட்டியபோது அவள் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அதற்காக அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

தொண்ணூற்றொன்றில் தெருவுக்குத் தார் போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஜல்லி கொட்டினார்கள். ஊர் முழுக்கச் சந்தோஷப்பட்டது. லோகநாதன் வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது இரண்டாயிற்று. ஏரியிலிருந்து வரும் ஓடையின்மேல் யாரோ மதில் கட்டினார்கள். மிச்சம் இருந்த சிறுபாலத்தில் குப்பை அடைத்துக்கொண்டது. புரட்டாசி பிறந்தால் பஞ்சாயத்தில் ஆள் விட்டுச் சுத்தம் செய்வார்கள். அதுவரை அது குப்பைத்தொட்டி.

தொண்ணூற்று நாலில் லோகநாதன் விழுந்தான். பட்டறையில் இரும்புத் தகட்டுக் கட்டு சரிந்து அவன் முதுகில் இறங்கியது. ஆறு மாதம் ஆஸ்பத்திரி. இடுப்புக்குக் கீழே உயிர் இல்லாமல் வீட்டுக்கு வந்தான். சாய்த்து உட்காரவைத்தால் வலியில் மயங்கிவிடுவான். குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு குளியலறை வரை போவான், வருவான். சொர்ணம் கட்டில் வாங்க வேண்டும் என்றாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"கட்டில்ல போட்டா நான் ஒரு சாமான். யாராவது எறக்கி உடணும், ஏத்தி உடணும். கீழ கெடந்தா மனுசன். எம்பாட்டுக்கு இஸ்துகினு போவேன்."

அவனைப் பார்க்கப் போன கெங்கம்மாள் வாசலைத் தாண்டியதும் அங்கேயே நின்றாள். பாயில் மல்லாந்து கிடந்த மனிதனையும் தரையையும் பார்த்தாள். அவள் கண் தன்னை அறியாமல் அளந்தது. படுத்திருக்கும் மனிதனின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு மழை இல்லாத இரவுகளிலும் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மறு வாரம் சொர்ணத்திடம் பேச்சுக் கொடுத்தாள்.

"யம்மா, தரையக் கொஞ்சம் மண்ணு போட்டு ஒசத்திக்கலாமே. நானே வந்து கொட்டித் தரேன். கூலி கீலி ஒண்ணும் வாணாம்."

"தரைய ஒசத்துனா கதவு தொறக்குமாக்கா? நெலைய இல்ல தூக்கணும்?"

"தூக்கிட்டாப் போவுது."

சொர்ணத்தின் முகம் மாறியது. "இன்னா பேச்சு பேசற? ஜோசியரு தலதலயா அடிச்சிகினு சொன்னாரு, இந்த வருசம் வாசப்படி மேல கையே வெக்காதன்னு. கீற உசிரும் போவணுமா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "யக்கா, நீ அன்னிக்கு இருந்தியே. நெலை வெச்சதுல ஏதாவது கொறை உண்டா? நேரம் கீரம் தப்பிப் போச்சா? எனக்கு ராவும் பகலும் அதான் ரோசனை. ஒண்ணும் பண்ணாத மனுசனுக்கு ஏன் இப்டி ஆவணும்?"

கெங்கம்மாள் வாசக்காலைப் பார்த்தாள். குறை உண்டு என்று சொன்னால் சொர்ணம் அதை வெள்ளத்தோடு சேர்க்கமாட்டாள். புருஷனின் காலோடு சேர்ப்பாள். இரும்புத் தகடு விழுந்ததற்கு ஒரு சாண் காற்று காரணமாகிவிடும். அப்படி இல்லை என்று தனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று யோசித்தாள். தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"ஒரு கொறையும் இல்ல. நல்ல நேரத்துலதான் வெச்சோம்" என்றாள்.

வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் வைக்கலாமா என்று நினைத்தாள். ஆனால் லோகநாதன் அதன்மேல் எப்படி இழுத்துக்கொண்டு ஏறுவான்? இந்த வீட்டில் ஒன்றைக் காப்பாற்றப் போனால் இன்னொன்று அடைபட்டது. கடைசியில் ஒன்றே ஒன்று செய்ய முடிந்தது. லாரித் தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்மில் குழாய் போட்டிருந்தார்கள், அடியில் குடம் வைக்க இடமில்லை என்று சொர்ணம் சலித்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கெங்கம்மாள் தானே செங்கல் கொண்டுவந்து, சமையல்கட்டு ஓரத்தில் ஒரு முழ உயரத்துக்கு மேடை கட்டினாள்.

"ஒரு டிரம்முக்கு இவ்ளோ நீட்டு மேடையா?" என்று லோகநாதன் பாயிலிருந்து கேட்டான். "நான் படுக்கலாம் போலக்கீதே யக்கா!"

அவள் சிரிக்கவில்லை.

தொண்ணூற்றாறு பிறந்தது. இந்த வருடம் ஐப்பசிக்கு முன்னால் லோகநாதனிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். ஆடி போகட்டும், ஆவணியில் சொல்லலாம். வைகாசியில்கூட ஐப்பசிக்கு ஐந்து மாதம் இருந்தது.

வைகாசி முடியவில்லை, மழை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கோடையில் மழை யாருக்குக் கசக்கும்? இரண்டாம் நாளும் விடவில்லை. கத்திரி வெயில் காய்ந்த சூடு இன்னும் சுவரில் இருந்தது, வானம் மட்டும் கார்த்திகை மாதத்து வானமாக இருந்தது. யாரும் எதையும் எடுத்து மேலே வைக்கவில்லை. சிறுபாலத்தில் ஒன்பது மாதக் குப்பை அப்படியே கிடந்தது. மழைக்கு ஒரு மாதம் உண்டு என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். கெங்கம்மாளும் நம்பியிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மில் சுவருக்குப் போனாள். நீலக்கோட்டைத் தேடினாள். அது இருக்க வேண்டிய இடத்தில் கலங்கல் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. கையை விட்டுத் தடவினாள். உளி கொத்திய பள்ளம் தண்ணீருக்கு உள்ளே, நாலு விரல் ஆழத்தில் தட்டுப்பட்டது.

அந்த நாலு விரல் இப்போது லோகநாதன் வீட்டுக்குள் இருக்கிறது.

சொர்ணம் விடியற்காலையிலேயே கிண்டிப் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறிப் போயிருப்பாள். கெங்கம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். தெருவில் தொடை வரை தண்ணீர். செருப்பு, சாணி, ஒரு சமையல் சிலிண்டர் எல்லாம் மிதந்து வந்தன. கத்திக்கொண்டே நடந்தாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மேட்டு வீட்டுக்காரர்கள் மாடியிலோ கோயில் மண்டபத்திலோ ஒதுங்கியிருந்தார்கள். லோகநாதன் வீட்டுக் கதவில் நாய் நுழையாமலிருக்கச் சொர்ணம் வெளியே போட்டுவிட்டுப் போன கொக்கி அப்படியே இருந்தது.

உள்ளே லோகநாதன் குப்புறக் கிடந்து, முழங்கைகளை ஊன்றித் தலையை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தான். பாய் மிதந்தது.

"வா யக்கா. தண்ணி லாரி ஊட்டுக்கே வந்துகீது பாரு" என்றான். பற்கள் அடித்துக்கொண்டன.

அவள் முதலில் டிரம்மைப் பார்த்தாள். அரை டிரம் தண்ணீர் இருந்தது. குழாயைத் திறந்தால் நேரமாகும் என்று முதுகைக் கொடுத்துத் தள்ளிக் கவிழ்த்தாள். மேடை காலியாயிற்று. லோகநாதனின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். சமையல்கட்டு வரை வந்துவிட்டான். ஆனால் மேடைமேல் தூக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வயது முதுகு. உயிர் இல்லாத பாதி உடம்பு பாறையாகக் கனத்தது. முதல் தடவை நழுவினான். இரண்டாம் தடவை அவன் அலறிய அலறலில் அவள் கை விட்டது. விழுந்தவன் தண்ணீருக்குள் போய் மயங்கினான். தலைமுடியைப் பிடித்து வெளியே எடுத்தாள். மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. கன்னத்தில் அறைந்தாள். கண் திறந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் இப்போது அவள் மடியைத் தொட்டது.

"உட்ரு யக்கா. முடியல. ஆளக் கூட்டியா."

"நான் எய்ந்து போனா நீ தல தூக்கி இருப்பியா?"

அவன் கழுத்தைத் தூக்கிப் பார்த்தான். தலை மறுபடியும் அவள் மடியிலேயே விழுந்தது.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு அது தோன்றியது. தண்ணீர் ஏறினால் உடம்பு லேசாகும். இன்னும் அரைச் சாண் ஏறினால் இவன் மிதப்பான்; மிதப்பவனைத் தூக்கலாம். ஒன்பது வருடமாக எந்தத் தண்ணீர் வரக்கூடாது என்று கிடந்தாளோ, அந்தத் தண்ணீர் இப்போது சீக்கிரம் வர வேண்டும். மெதுவாக வந்தால் குளிரிலேயே இவன் விறைத்துவிடுவான். அளவுக்கு மேல் வந்தால் மேடையும் பயனில்லை. வேறு வழியும் இல்லை. காத்திருக்க வேண்டும்.

"லோகு, கொஞ்ச நேரம் இப்டியே இருப்போம். தண்ணி ஏறட்டும். அதுவே ஒன்னத் தூக்கிக் குடுக்கும்."

"இன்னாது?" அவன் கண்கள் அகன்றன. "ஏறட்டுமா? யக்கா, ஒனக்குப் பைத்தியம் கீது புடிச்சிகிச்சா?"

"பேசாத. மூக்க மேல வெச்சிக்கோ."

சுவரில் ஒரு பூசணிக்காய் அளவுக்குச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. அதன் கீழ்விளிம்பைத் தண்ணீர் தொடும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. வேப்பமரம், டியூப், காற்று, மணி பத்து இருபது, எல்லாவற்றையும் சொன்னாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

லோகநாதன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தண்ணீர் அவன் காதுகளை மூடியிருந்தது. கேட்டதா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஒரு சாணா?" என்றான் கடைசியில்.

"ஒரு சாண்."

"அது இருந்துச்சுன்னா, இப்ப எனக்கு மூக்குக்கு வந்திருக்காது?"

"வந்திருக்காது. பாயிதான் நனைஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுகினே ஒம்பது வருசம் வந்து போயிகினு இருந்தியா? எங்க ஊட்ல டீ குடிச்சிகினு?"

அவள் அவன் தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"நல்லா வருவ நீ" என்றான். அழுதானா, குளிரில் நடுங்கினானா தெரியவில்லை. பிறகு, "சொர்ணத்துகிட்ட சொல்லாத" என்றான். "எனக்கு ஒன்மேல எரக்கம்னு நெனைக்காத. சொன்னா அவ என் காலுக்கும் அதான் காரணம்னுவா. மிசின் ஓரம் தகட்டக் கட்டாம அடுக்குனவன் தப்பிச்சுடுவான். எங்காலு போனது டியூபுல இல்ல, பட்டறையில. அது அங்கயே இருக்கட்டும்."

அவன் இடுப்பு தரையை விட்டு மெல்ல எழும்பியதை அவள்தான் முதலில் உணர்ந்தாள். செத்த கால்கள் இரண்டும் பக்கவாட்டில் நகர்ந்தன. "மூச்ச இஸ்து புடி" என்று சொல்லிவிட்டு அவன் மார்பை மேடைமேல் ஏற்றினாள். அவன் முழங்கைகளால் விளிம்பைப் பற்றிக்கொண்டான். பிறகு இடுப்பு. பிறகு ஒவ்வொரு காலாக. அவன் மேடையில் கிடந்தான். காலைக் கொஞ்சம் மடக்க வேண்டியிருந்தது. அவன் முதுகுக்குக் கீழே தண்ணீர் அரைச் சாண் இடைவெளியில் வந்து நின்றது. நிற்கிறதா, இல்லை மூச்சு வாங்குகிறதா என்று சாயங்காலம் வரை அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணிக்குப் பஞ்சர் கடை நஜீர் காற்றடித்த லாரி டியூபை மிதவையாகத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் வீடு அய்யாசாமி கட்டியவற்றில் பதினைந்தாவது.

"மாமே, உயிரோடதான் கீறியா? எங்க ஊட்ல அரைச் சாண் தண்ணி. உங்க ஊட்ல இன்னா, கெணறு மாதிரி நிக்குது?"

லோகநாதன் கெங்கம்மாளைப் பார்த்தான். "நம்ம ஊட்ல வாட்டர் சப்ளை ஜாஸ்தி மச்சான்" என்றான்.

ஆவணியில் அந்த வீட்டு வாசக்காலைப் பெயர்த்தார்கள். சொர்ணம் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். லோகநாதன் மசியவில்லை. "தொட்டா சாவன்னு சொன்னாரு ஒங்க ஜோசியரு. தொடாமலே சாவப் பாத்தேன். இனிமே அந்தாளு மட்டம் பாக்க வாணாம்" என்றான். கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை இறக்கி, சுவரை உயர்த்த ஏற்பாடாயிற்று. மில் சுவரில் பழைய கோட்டுக்கு ஒன்றரைச் சாண் மேலே, இந்த வெள்ளம் தொட்ட இடத்தில், அய்யாசாமி புதிதாக உளியால் கொத்தியிருந்தார். அதற்கு மேல் ஒரு சாண், அதுதான் இனித் தரை.

மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை. மறுபடியும் பத்தரைக்கு ராகு காலம். வேப்பமரத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள்; கெங்கம்மாள் கம்பத்தோரம் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோகநாதன் தெருவோரம் ஒரு பலகையில் குப்புறக் கிடந்து, முழங்கை ஊன்றி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவளை மன்னித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவன் வீட்டில் அவளுக்கு டீ கொடுக்கச் சொன்னதில்லை.

தண்ணீர் ஏறியது. கண்ணுக்கு எட்டியவரை டியூபைப் பார்த்தாள். கீழ்வளைவில் கடுகு மாதிரி ஒரு குமிழி நின்றது.

"நின்னுச்சா?" என்றார் அய்யாசாமி.

"இல்ல. காத்து கீது."

டியூபில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். மறுபடியும் நிரப்பினார்கள். மறுபடியும் பார்த்தாள்.

"யக்கா, மணி பத்து இருவது!" சொர்ணத்தின் குரல் உடைந்தது.

"காத்து கீது."

"ஒரு கடுகு அளவு காத்துக்கு இன்னாடி? நேரம் போவுது!" என்று சொல்லிக்கொண்டே வந்த அய்யாசாமி அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றார். பெயர்த்துவைத்த பழைய வாசக்காலைத் திரும்பிப் பார்த்தார். அது உட்கார்ந்திருந்த உயரத்தைப் பார்த்தார். குடத்தை அவரே தூக்கி டியூபில் ஊற்றினார்.

மூன்றாம் தடவை டியூப் முழுக்கத் தண்ணீராக, ஒரே நீளமாக இருந்தது. அவள் "நின்னுச்சு" என்று சொன்னபோது மணி பத்து முப்பத்தெட்டு. சங்கை யாரும் ஊதவில்லை. சொர்ணம் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். ராகு காலத்தில் வாசக்கால் நின்றது.

அன்று மாலை வேலை முடிந்து கரைக்குத் திரும்பும் வழியில் கெங்கம்மாள் மில் பக்கம் போனாள். கீழே பழைய கோட்டில் நீலம் வெளுத்திருந்தது. மேலே புதுக்கோட்டில் நீலம் இன்னும் கையில் ஒட்டியது. பழைய கோட்டிலிருந்து புதுக்கோடு வரை தன் சாணை வைத்து அளந்தாள்; ஒன்றரை, சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேலும் கை வைத்தாள். இன்னொரு சாண். இன்னொன்று. கை எட்டும் வரை வைத்துப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே, தண்ணீர் ஏற, சுவர் இன்னும் நிறைய இருந்தது.